படுத்துறங்க வைத்தவர்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வந்த தபால் வண்டியில் துணிக்கடை காதர் நானா இறங்கி, நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “கம்பவுண்டர் ஐயா, நம்ம ஞானமுத்து டாக்டர் போயிட்டாருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவரு, எந்திரிக்கல.”

“மூச்சு வாங்கினாரா?”

“இல்லீங்க. பக்கத்துல இருந்த சம்சாரத்துக்கே தெரியல.”

அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. ஓய்வு பெற்ற பின் அவருக்கும் இதயம் தளர்ந்திருந்தது. அந்த நோய் முதியவர்களை எப்படித் திணறடிக்கும் என்பதை அவர் பக்கத்தில் நின்று பதினெட்டு ஆண்டுகள் பார்த்தவன் நான். அவருக்கும் அப்படி நேருமோ என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மாளை நினைவிருக்கும். அறுபது தாண்டியும் கொழுந்து பறித்தவள். கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியதால், நாற்காலியில் உட்காரவைத்து மூங்கில் கட்டித் தூக்கிவந்தார்கள். மகன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பிவிட்டான். நான் பதிவேட்டில் ‘முதுமை’ என்று எழுதினேன். டாக்டர் அவள் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு நான் எழுதியதை அடித்தார்.

“வயசு நேத்தா ஆச்சு? மூச்சு முட்டுறது இந்த மாசந்தானே? இதயம் களைச்சிருக்கு. அதப் பாப்போம்.”

இதயத்துக்காக அவர் கொடுத்த டிஜிட்டாலிஸ் மருந்து அளவு மிஞ்சினால் உயிரையே எடுத்துவிடும். ஒவ்வொரு வேளையும் அவரே நாடியை எண்ணிய பிறகுதான் என்னைச் சொட்டுவிடச் சொன்னார். மூன்றாம் நாள் காலை வார்டுக்குள் போனால், செல்லம்மாள் மல்லாந்து கிடக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டதென்று ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தேன். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“தூங்குறாங்கய்யா. குறட்டை கேக்கலியா?”

வீக்கம் வடிந்திருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் படுத்து உறங்கினாள். வாசலில் காத்திருந்த மகனிடம் சொன்னதும், சொல்லியனுப்பிய சொந்தக்காரர்களைத் தடுக்க அவன் ஓடினான்.

டாக்டர் அதோடு விடவில்லை. இனி மலையேறினால் அவள் தாங்கமாட்டாள். வேலை போனால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையும் போய்விடும். தோட்டத்துக்கே போய்த் துரையிடம் பேசி, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக்கொடுத்தார். அதன்பின் ஏழு வருடம் இருந்தாள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். மேடேறி வரும் முதியவர்களிடம் அவர் எடுத்ததுமே நோயைக் கேட்டதில்லை. “உக்காருங்க, மொதல்ல ஆசுவாசப்படுங்க” என்பார். நேற்றும் ஒரு பெரியவர் வந்தார். பெஞ்சைக் காட்டி அதையே சொன்னேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவராகப் பேசும்வரை காத்திருந்தேன்.