பத்தொன்பது அங்குலப் பெட்டி

ஜெனிஷாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. விளாங்குடியில் அவள் வீட்டுக்கு யார் போனாலும் டீ கொடுத்துவிட்டு எதிரே அமர்வாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் இரண்டு ஒயரைப் பற்றவைத்துவிட்டு வந்து, "ம், சொல்லுங்க" என்பாள்.

மிஷன் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். மீதி நேரமெல்லாம் ஒலிக்கருவிகள். பாடகர் குழு பாடும்போது சர்ச் ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கும். அதைச் சகிக்க முடியாமல், எட்டு மைக்குகளின் ஒலியை வாங்கிச் சுத்தமாக வலுப்படுத்திக் கொடுக்கும் ஒரு கருவியை அவளே கட்டினாள். வேலை செய்தது. ஆனால் அதற்குப் பெட்டி இல்லை. சாப்பாட்டு மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு திறந்தபடியே கிடந்தது.

ஒரு மதியம், அவள் கணவன் ஆலன் தட்டை வைக்க இடம் தேடி அதை மணிக்கட்டால் ஒதுக்கினான். கரண்ட் அடித்தது. தட்டு உடைந்து குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. ஆலன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான்.

"ஆஃப் பண்ணிட்டேன்னு நெனச்சேங்க..."

"பெட்டி போட்டு மூடு ஜெனி. இல்லன்னா வீட்ட விட்டு வெளிய எடு."

சொல்லிவிட்டு அவனே துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று ஆரம்பித்தது அலைச்சல். சர்ச்சில் ஆம்பிளிஃபயரும் மற்றவையும் ரேக் என்ற இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அதற்குப் பத்தொன்பது அங்குலக் கணக்குதான். அதில் பொருந்துகிற காலி இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தால் போதும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கண்காணிப்புக் கேமரா கடை வைத்திருந்த சிவக்குமாரிடம் ரேக் பெட்டி கேட்டாள். அவர் சுவரில் மாட்டும் ஒரு பெரிய அலமாரியை மூச்சுவாங்க இறக்கி வைத்தார்.

"இது இல்லண்ணே. இதுக்குள்ள வைக்கிற பெட்டி."

"இதுக்குள்ள கேமராப் படத்தப் பதியுற டிவிஆர் வைப்பாங்கக்கா."

"டிவிஆர் இல்லாத டிவிஆர் பெட்டி."

சிவக்குமார் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "காலிப் பெட்டிய யாருக்கா விப்பா?"

இணையத்தில் விற்றார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்து சேர்வதற்கு ஆகும் செலவைப் பார்த்து மூடி வைத்தாள். ஒத்தக்கடை பழைய இரும்புக் கடையில் கம்ப்யூட்டர் சர்வர் பெட்டி ஒன்று அகப்பட்டது. ஸ்கூட்டரில் ஆலன் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை, நீளமோ ரேக்கைவிட அதிகம். கட்டிலுக்கடியில் போனது.

தூக்கத்திலும் பெட்டிதான். பரீட்சை அறைக் கண்காணிப்பில் வினாத்தாளின் பின்பக்கம் பெட்டி வரைந்தாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் செட்டாப் பாக்ஸைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒரு துக்க வீட்டில், மாலை போட்டுவிட்டுக் குனிந்து ஐஸ் பெட்டியின் விளிம்பில் தகட்டை எப்படி மடித்திருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்தாள். ஆலன் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

"ஒனக்கு என்ன ஆச்சு?"

"இத எவனோ ஒருத்தன் மடக்கியிருக்கான்லங்க? அப்ப எனக்கும் மடக்கித் தருவான்ல?"

மறுநாள் பள்ளி விட்டதும் ஆரப்பாளையம் பக்கம் ஆண்டிச்சாமியின் பீரோப் பட்டறைக்குப் போனாள்.

"பீரோ எம்புட்டு ஒசரம் டீச்சர்?"

"பீரோ இல்லண்ணே. பெட்டி. அகலம் பத்தொன்பது இஞ்ச், ஒசரம் மூணரை. ரேக்குல திருக ரெண்டு பக்கமும் காது வேணும்."

"நகைப் பெட்டியா?"

"சவுண்டுப் பெட்டி."

அவர் சிரித்தார். நின்றபடியே ஒரு துண்டுத்தாளில் அளவைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

பெட்டி சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று வந்தது. எர்த் ஒயர் திருகும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் உள்ளே பூட்டி, ஹெட்போனை மாட்டினாள். ரீங்காரம் இல்லை. மைக்குக்கு முன்னால் தன் மூச்சு போய்வருவது மட்டும் கேட்டது. ஆலன் காதிலும் வைத்துக் காட்டினாள். "நீதானா இது?" என்றான்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, பாடகர் குழு மொத்தமும் பார்த்திருக்க, சர்ச் ரேக்கில் அதைத் தள்ளினாள். போகவில்லை. சாய்த்துத் தள்ளினாள். ஆலன் மறுமுனையைப் பிடித்தான். அப்போதும் போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது: காதோடு சேர்த்துத்தான் பத்தொன்பது இருக்க வேண்டும், ஆண்டிச்சாமி பெட்டியையே பத்தொன்பதாக அடித்து, காதை அதற்கு வெளியே ஒட்டியிருந்தார். தாளில் அவள் அதைக் குறிக்கவே இல்லை.

"யூனிட் எழுதலன்னா பிள்ளைகளுக்கு அரை மார்க் கொறைக்கிறவ நான்" என்றாள். அழுகைதான் வந்தது. ஆலன் சிரித்துவிட்டான். கோபத்தில் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

பெட்டியைப் பக்கத்தில் ஒரு மேசையில் வைத்தே இணைத்தார்கள். மறுநாள் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டதாக எல்லாரும் சொன்னார்கள். அவளுக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. கண் மேசையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனாள். "தப்பு எம் மேலதாண்ணே."

"நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் டீச்சர். இந்தத் தடவ ஒக்காந்து வரைவோம்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அடுத்த பெட்டி ரேக்கில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதைப் படம் பிடித்து, வீட்டிலேயே ஒலிக்கருவி செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பாராட்டு வரும் என்று நினைத்தாள். கேள்விதான் வந்தது. எங்க வாங்குனீங்க? எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? திருநெல்வேலியில் ஒருவர் பிஸ்கட் டின்னில் ஆம்பிளிஃபயர் வைத்திருந்தார். கோயம்புத்தூரில் ஒரு பெண் மரப்பெட்டியில் செய்து, ரீங்காரம் போகாமல் தவித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரும் தன்னைப் போலவே கடை கடையாக அலைந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் பட்டறையில் இருக்கிறாள். ஆண்டிச்சாமி பீரோ வேலைக்கு நடுவில் கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி மடக்குகிறார். ஆலன் அட்டை சுற்றி முகவரி எழுதி பார்சல் ஆபீஸில் சேர்க்கிறான்.

போன வாரம் அப்படி ஒரு பார்சலை ஒட்டிக்கொண்டே கேட்டான்: "இப்பயாவது நிம்மதியா?"

"பெட்டி சரிதாங்க. முன்னாடி ஒட்டுற எழுத்து நல்லால்ல. ஸ்டிக்கர் உரிஞ்சு வருது. தகட்டுலயே எழுத்து வெட்டுறவங்க யாராவது இருப்பாங்கள்ல?" அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். "நாகமலைப் பக்கம் ஒருத்தர் இருக்காராம். வாரீங்களா?"