மரகதம் என்று வாய்விட்டு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மரகதவல்லி என்று பெயர் இருந்தால், அவளைப் பெற்றவர்கள் திருப்புட்குழிக்குப் போய்வந்தவர்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பேருந்தில் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடக்கூடிய சிற்றூர் அது. அங்கே எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் மரகதவல்லி. மரகதம் என்பது பச்சை மணி. வல்லி என்பது கொடி. மணியாகவும் கொடியாகவும் ஒருத்தியே எப்படி இருக்க முடியும் என்று ஐயுறுபவர்கள் வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சந்நிதியில் விளக்கேற்றும் நேரத்துக்குப் போய் நிற்கட்டும். எனக்கு அந்த ஐயம் இளமையிலேயே தீர்ந்துவிட்டது.

பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அமாவாசையன்று அங்கே நீராடுவார்கள். மடைப்பள்ளியில் வறுத்து நனைத்த பயறு தருவார்கள். அதை மடியில் கட்டிக்கொண்டு உறங்கவேண்டும். வறுத்த பயறு முளைக்காது என்பது உலகத்து நியாயம். விடிந்ததும் மடியை அவிழ்க்கையில் அது முளைத்திருந்தால் பிள்ளை உண்டு என்பது தாயாரின் நியாயம். அப்படிக் கிடைத்தது பெண்ணாக இருந்தால் பெயருக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் மரகதவல்லி, வீட்டில் மரகதம், தோழிகளிடத்தில் மரகா, தாய்க்குக் கோபம் வந்தால் மீண்டும் முழுப்பெயர். என்னோடு படித்தவர்களில் மாதா கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண் ஒருத்திகூட மேரி மரகதம்தான். அவள் தாயும் பயறு கட்டிக்கொண்டவளா என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்காமலே நம்பினோம்.

என் மகள் மணமாகிப் பல ஆண்டுகள் காத்திருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். அவளுடைய மாமியார், அதாவது எங்கள் சம்பந்தியம்மாள், பிள்ளையில்லாக் குறையை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திட்டாததைத்தான் தாங்க முடியவில்லை என்று மகள் ஒருமுறை தன் தாயிடம் அழுதிருக்கிறாள். ஓர் அமாவாசைக்கு நாங்கள் இருவரும் அவளைத் திருப்புட்குழிக்கு அழைத்துப் போனோம்.

மறுநாள் விடியலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் மடியை அவிழ்த்தாள். பயறு முளைத்திருந்தது. குழந்தைக்கு ஈறு கிழித்து வரும் முதற்பல்லைப் போல ஒவ்வொரு பயறும் வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. என் வயதுக்குத் தகாத ஒன்றை அப்போது செய்தேன்: வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஆடினேன். வெள்ளிதோறும் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவன் நான். அடியார்கள் ஆடியதையும் பாடியதையும் பொருள் தெரிந்து ஓதியிருக்கிறேனே தவிர, கால் அறிந்ததில்லை. “பயறு உங்க மடியிலயா மொளைச்சிது, இந்தக் குதி குதிக்கிறீங்க?” என்றாள் என் இல்லாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தாயாரிடம் தான் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை மகள் எங்களுக்கு மட்டும் சொன்னாள். பெண் பிறந்தால் தாயாரின் பெயரையே வைத்து, நாள் முழுவதும் வாய்விட்டுக் கூப்பிடுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். நான் நெகிழ்ந்துபோனேன். குழந்தைக்குத் தெய்வத்தின் பெயரை வைத்தால், சோறுண்ண அழைப்பதும் குளிக்க அழைப்பதும் நாமம் சொன்ன கணக்கில் சேரும் என்று பெரியவர்கள் காலங்காலமாகப் பாடியிருக்கிறார்கள். நான் முயன்று ஓதுவதை இவள் அடுப்படியில் நின்றே செய்துவிடுவாளே என்று பொறாமைகூட வந்தது.

நேர்ந்துகொண்ட பெயரைச் சூட்டும் வேளை வரையில் பெற்றவர்களைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். கணவரிடமும் அவள் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் பெருந்தன்மையாக, வேண்டிக்கொண்டது எதுவோ அதையே வைக்கலாம் என்று விட்டுவிட்டார். தாயாரின் அருளால் பெண்ணே பிறந்தாள்.

பெயர்சூட்டு விழா அவர்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் நடந்தது. தறிகளுக்கு அன்று ஓய்வு. உத்தரத்தில் பட்டுப்புடவையால் தூளி கட்டி, உள்ளே குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். அத்தை முறையுள்ளவள் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்லவேண்டும்; பிறகு வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து அதே பெயரால் அழைக்கவேண்டும். ராகு காலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் சிற்றப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அத்தையானவள் மாப்பிள்ளையின் தங்கை. பெயரைக் கேட்க என் மகளின் வாயருகே காதைக் கொடுத்தாள். கேட்டாள். நிமிர்ந்தாள். சரியாகக் கேட்கவில்லை போலும் என்று மறுபடி குனிந்து கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

“அண்ணி, அந்தப் பேர நா எப்படிச் சொல்றது?” என்றாள். “அது எங்கம்மா பேரு.”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தியம்மாளின் பெயர் பாப்பா. ஊரே அப்படித்தான் சொல்லும். கலியாணப் பத்திரிகையில் அவருடைய கணவர் பெயருக்கு முன்னால் திருமதி என்று அச்சடித்திருந்தார்கள். அதற்குமேல் நாங்கள் விசாரித்ததில்லை. குடும்ப அட்டையில் உண்மைப் பெயர் இருந்திருக்கும்தான். மாமியாரின் அட்டையை எடுத்துப் பெயர் படித்துப் பார்க்கும் மருமகள் எந்த வீட்டில் இருக்கிறாள்?

நடந்தது இதுதான். சம்பந்தியம்மாளும் திருப்புட்குழித் தாயாரின் பெயரைப் பெற்றவர். தம் தகப்பனாரைப் பெற்றவளின் பெயர் அது. ஆனால் அவர் பிறந்த வீட்டில் மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதனால் பெற்ற தாயே அவரைப் பாப்பா என்று அழைத்திருக்கிறாள். பாப்பா வளர்ந்து, மணமாகி, இந்த வீட்டுக்கு வந்து, தாமே மாமியாரும் ஆகிவிட்டார். இங்கும் அதே வழக்கம். மருமகள்கள், ஓரகத்திகள், பெற்ற மக்கள் எவரும் அவர் பெயரை உச்சரிப்பதில்லை. என் மகளோ, தன்னால் எந்நாளும் சொல்ல முடியாத பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஒருத்தி தூளியருகே போனாள், குனிந்தாள், குழந்தையைப் பார்த்து, “அவங்க பேருதான்மா ஒம்பேரு” என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள். அடுத்தவள், “அதேதான்” என்றாள். மூன்றாமவள் வாயைத் திறக்குமுன்பே கிண்ணம் அவள் கையில் ஆடிச் சிந்தியது. தறிக்கூடம் முழுவதும் சிரிப்பு பரவியது.

சிற்றப்பா என் பக்கம் திரும்பி, பாட்டனார் சொல்லட்டும் என்றார். சொல்வதற்கென்ன? வெள்ளிதோறும் நான் பாடிப் பரவும் திருநாமம்தானே? எழுந்து போய்த் தூளியில் குனிந்து, கண்ணை மூடித் தாயாரைத் தியானித்தேன். அந்த வேளை பார்த்துச் சமையற்கட்டிலிருந்து பொங்கல் கரண்டியோடு சம்பந்தியம்மாள் வந்து நின்றார். சம்பந்தி வீட்டு மூத்த பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்த ஆண்மகனுக்கு நாக்கு எழும்? “மர” என்ற அளவில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இடத்துக்குத் திரும்பினேன். என் இல்லாள் என்னைப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

“என்னா பேரு வச்சீங்க?” என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

சொல்வதற்கு அங்கே ஒருவர் இல்லை. காமாட்சியா என்றார், இல்லையென்று தலையசைத்தார்கள். அலமேலுவா, கோமளமா என்று அவரே வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு கூடியது. பேத்தியின் பெயரைத் தம்மிடமே ஒளிக்கிறார்களா என்று அவர் கோபிக்கும் தறுவாயில் மாப்பிள்ளை குறுக்கிட்டார்.

“ஒம்பேருதாம்மா.”

“பாப்பான்னா வைக்கிறீங்க?” என்றார் அவர். “அதெல்லாம் ஒரு பேரா?”

உண்மையில் அவருக்கு நினைவு வரவில்லை. எல்லாரும் அவரையே பார்த்திருக்க, கரண்டியைப் பிடித்திருந்த கை மெல்லத் தாழ்ந்தது. பக்கத்திலிருந்த தறிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பேரா?” என்றார்.

இதற்குள் மாப்பிள்ளையின் தங்கை கைப்பேசியை எடுத்து, நேரம் போய்க்கொண்டிருப்பதால் இதிலிருந்து அழகான பெயர் ஒன்றைப் பார்த்து வைத்துவிடலாம், நேர்ந்துகொண்ட பெயர் சான்றிதழில் மட்டும் இருக்கட்டும் என்று யோசனை சொன்னாள். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். சிற்றப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள்.

“வேணாம். அப்புறம் எம்பொண்ணும் பாப்பாவாவே கெழவியாயிடுவா” என்றாள்.

சொல்லி முடித்ததும் யாரைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. சம்பந்தியம்மாள் எழுந்து தூளியருகே வந்தார். புதுப்புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பவரைப் போல, “மரகதவல்லி” என்று குழந்தையின் காதில் சொன்னார். தள்ளி நின்று ஒருமுறை சொன்னார். பிறகு கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். “எம்மாம் நல்லா இருக்குது. இத்தினி நாளு சும்மாவே வச்சிக்கினு இருந்தனே” என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகச் சொல்லும்படி கட்டளையிட்டார்.

கட்டளை கேட்டும் ஒருவர் நாக்கும் அசையவில்லை. பிறந்தது முதல் கட்டிவைத்த நாக்கு, சொன்னவுடன் அவிழ்ந்துவிடுமா? குழந்தைதான் பொறுமையிழந்தது. தன் பெயரை வைத்து இவ்வளவு பேர் விழிப்பது அதற்குப் பிடிக்கவில்லை போலும்; வீறிட்டு அழத் தொடங்கியது. என் மகள் எல்லாவற்றையும் மறந்து தூளிக்குத் தாவினாள்.

“அழாதடி மரகதம், இங்கதான இருக்கறன்.”

பெயர் சொன்னது போதாதென்று ஒரு “டி”யும் சேர்ந்துவிட்டது. என் இல்லாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மாள் அவசரமாகக் கன்னத்தைத் துடைத்தார். “நா எங்கடி அழுவறேன்? பொங்கப் பொக கண்ணுல பட்டுக்கிச்சி” என்றார்.

அதன்பின் அந்தக் கூடத்தில் எழுந்த ஆரவாரத்தை வருணிக்க எனக்குத் தமிழ் போதாது. ஓரகத்திகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அத்தை முன்வந்து பெயரைச் சொன்னாள், சம்பந்தியம்மாள், “என்னாம்மா?” என்று பதில் கொடுத்தார். அடுத்தவள் சொன்னாள், அதற்கும் ஒரு பதில். வரிசை முடிந்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். ராகு காலம் தொடங்கிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. சிற்றப்பாவே வரிசையில் நின்றிருந்தார். என் முறை வந்தபோது விக்கலின்றி முழுப்பெயரும் வந்தது. கோஷ்டியில் அவ்வளவு கணீரென்று நான் ஒருநாளும் சேவித்ததில்லை.

இப்போது குழந்தை தவழ்கிறாள். சென்ற வாரம் பார்க்கப் போயிருந்தேன். அவள் என் மடியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சம்பந்தியம்மாள் அலமாரிப் பக்கம் நின்றிருந்தார்; ஏதோ டப்பாவின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. சர்க்கரை நோய்க்காக அவருக்கு இனிப்பை அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். சமையற்கட்டிலிருந்து என் மகளின் குரல் வந்தது.

“மரகதம், வாயில என்னாடி போட்டுக்கினே? துப்பு.”

குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. சம்பந்தியம்மாள் திரும்பினார். ஒரு பக்கத்துக் கன்னம் உப்பியிருந்தது. நெய் வாசனையில் அது மைசூர்பாகு என்று தெரிந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளேயிருந்து அதே பெயர் மறுபடியும் வந்தது, இன்னும் உரக்க.