கல்யாணத்துக்கு வந்த ஏழடிக்காரன்

லவெல் பக்னருக்கு நெட்டையர்கள் என்றால் உயிர். லூயிவில் கூடைப்பந்து அணிக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஏழடிக்கு மேல் ஒருவன் பந்தைத் தொட்டால் போதும், மனுஷன் சொக்கிப்போவார். அப்படிச் சொக்கிப்போய் அவர் சிபாரிசு செய்த இரண்டு பேரும் காலுடைந்து உட்கார்ந்துவிட்டார்கள். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் இந்த வருஷ டிராஃப்டுக்கு முன்னால் மேலாளர் புரூயிட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மூணாவதும் நொண்டின்னா, நீயும் அவன்கூடவே கிளம்பிடு, லவெல்."

இந்த வருஷத்து நெட்டை ஜார்வெல் ஓடம், அலபாமாக்காரன். பாதத்தில் எலும்பு விரிசல் விட்டு ஆறியிருந்தது. அவனுடைய ஏஜெண்ட் மகா கில்லாடி. பையன் தனியாகப் பந்து போட்டுக் காட்டுவான், யாரோடும் மோதவிட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். நின்ற இடத்தில் பந்து போடுவதைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிப்பது!

பையன் ஊருக்கு வந்த அன்றைக்குத்தான் லவெலின் மகளுக்குக் கல்யாணம். வந்தவனைப் பெரிய ஓட்டலில் சாப்பிடவைப்பதுதான் வழக்கம். லவெல் அவனைக் கல்யாணத்துக்கே இழுத்துவந்துவிட்டார். மனைவி ஒடெஸா பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு கல்யாணத்தன்னைக்குமா ஆபீஸு? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"பசியோட வந்திருக்கான்டி. ஒரு தட்டு போடு."

"இந்த உசரத்துக்கு ஒரு தட்டு எந்த மூலைக்கு?" என்றவள், வறுத்த கோழியைக் குவித்துக் கொடுத்தாள்.

பாட்டு தொடங்கியதும் பெண்வீட்டு அத்தைமார் அவனை ஆட்ட வரிசைக்குள் தள்ளிவிட்டார்கள். அடேயப்பா, என்ன ஆட்டம்! அவ்வளவு பெரிய உடம்பு பூனை மாதிரி திரும்பியது. பெற்ற மகளைப் பார்க்காமல் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் லவெல். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப்போனால், கேக் மேசைக்குப் பின்னால் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"வலிக்குதுங்கய்யா. சொல்லக்கூடாதுன்னு ஏஜெண்ட் சொன்னாரு. உங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் பொய் சொல்ல வாய் வரல."

"அப்புறம் ஏன்டா ஆடின?"

"அத்தைங்க விட்டாத்தானே."

லவெலுக்குச் சிரிப்பு ஒருபக்கம், வேலை போய்விடுமே என்ற பயம் ஒருபக்கம்.

"இதை நான் மேலாளர்கிட்ட சொல்லியாகணும், தம்பி. உன்னை எடுக்காமப் போகலாம்."

"சொல்லுங்கய்யா. உங்க வேலை அது."

மறுநாள் லவெல் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, புரூயிட் "அப்ப விட்டுடு, கதை முடிஞ்சுது" என்றார்.

"இல்ல, எடு" என்றார் லவெல். "அந்த ரெண்டு பேருக்கும் வலிச்சுது. வாயைத் திறக்கல. உடைஞ்சப்புறம்தான் நமக்கே தெரிஞ்சுது. இவன் சொல்றான். சொல்றவன் காலுக்கு வைத்தியம் பார்க்கலாம். என் வேலையை வச்சுச் சொல்றேன்."

புரூயிட் பிடி கொடுக்கவில்லை. டிராஃப்ட் அன்று இவர்கள் முறை வரும்வரை பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தவர், கடைசியில் ஜார்வெல் பெயரைச் சொன்னார். அறையே கத்தியது. உடனே பையனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"உன்னை எடுத்துட்டோம், ஜார்வெல். கால் எப்படி இருக்கு?"

அந்த நேரத்தில் எவனும் பிரமாதம் என்றுதான் சொல்லுவான்.

"வலிக்குது சார். காலையிலேர்ந்தே."

புரூயிட் போனைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "டாக்டரைக் கூப்பிடு, லவெல்" என்றார். கூப்பிட லவெலால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சந்தோஷத்தில் ஓவென்று அழுதுகொண்டிருந்தார்.