ஒரு காதால் கேட்ட இரண்டாவது ஆல்பம்

இசை விமர்சகன் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. வேறு யாரும் சொல்ல முன்வராததால் அந்தப் பொறுப்பையும் நானே ஏற்க வேண்டியதாயிற்று. பிழைப்புக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுகிறேன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன், ஒருவரும் படிக்க மாட்டார்கள். அந்த எரிச்சலை எல்லாம் ஓர் இணைய இதழில் மாதம் ஒரு விமர்சனம் எழுதித் தீர்த்துக்கொள்வேன். அதைச் சிலர் படித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

பெங்களூரில் ராக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குழு அது. மொத்தம் நான்கு பேர், தமிழும் கன்னடமும் கலந்து பாடுவார்கள். அவர்களுடைய முதல் ஆல்பத்தை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். அதிலும் கிதார் வாசித்த பெண்ணை. ரிச்சர்ட்ஸ் டவுனில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள். ‘இந்த ஊரின் போக்குவரத்தையே நிறுத்தக்கூடிய கிதார்’ என்று எழுதினேன். அது ஏற்கெனவே நின்றுதானே இருக்கிறது என்று யாரோ கீழே கருத்துப் போட்டிருந்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது ஆல்பம் போன வருடம் வந்தது. வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்கு இணைப்பு அனுப்பினார்கள். பாட்டுகளுக்கு மேலே இரண்டு வரிக் குறிப்பும் இருந்தது: தயவுசெய்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, அமைதியான இடத்தில் கேளுங்கள். கையேடு எழுதிப் பிழைக்கிற நான் அந்தக் குறிப்பைத் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குப் போனேன். மல்லேஸ்வரத்திலிருந்து அலுவலகம் போகும் மெட்ரோவில், ஒருவருடைய முதுகுப்பை என் மூக்கில் இடிக்க இடிக்கக் கேட்டேன். இயர்போனில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. அதனால் என்ன, பாட்டு இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று நினைத்தேன். நான் ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரிலும் கல்யாண மண்டபக் குழாயிலும் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். எங்கள் தலைமுறைக்கு இரண்டாவது ஸ்பீக்கர் என்பது பணக்கார வீட்டுத் திமிர்.

கேட்டேன், கொதித்தேன். பாடகன் ஒரு வரி பாடுவான். பிறகு ஒன்றுமே இருக்காது. டிரம்ஸ் மட்டும் தேமே என்று போய்க்கொண்டிருக்கும். மறுபடி ஒரு வரி, மறுபடி வெறுமை. ஒன்பது பாட்டும் இப்படியே. ‘பாடகர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பதில் வரவே இல்லை. கிதார் லீவில் போய்விட்டது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே மூன்று முறை படித்துச் சிரித்தேன்.

அந்த ஒரு வரி என் கையேடுகள் எதுவும் போகாத இடத்துக்கெல்லாம் போனது. ஆங்கிலத்தில் எழுதுகிற ஒருவர் எடுத்துக்கொண்டார், கன்னடத்தில் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் ஆல்பத்தைக் கேட்டார்களோ என்னவோ, என்னைப் படித்திருந்தார்கள். முதல் ஆல்பத்தோடு சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஊரே முடிவு செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் என் பேச்சையும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தக் குழுவின் பாடகன் போன் செய்தான். ஒக்கலிபுரத்துக்காரன், மரியாதையாகப் பேசுவான்.

“சார், நீங்க எழுதினது கரெக்ட் சார். அடுத்ததுக்கு வேற கிதாரிஸ்ட் போட்டுக்கலாம்னு மூணு பேரும் பேசிக்கினோம். அவளுக்கு இன்னும் தெரியாது. நாங்க சொன்னா மனசு பேஜார் பண்ணிப்பா. நீங்க பெரியவங்க. சனிக்கெழம பிராக்டீஸுக்கு வந்து நீங்களே சொல்லிடுங்களேன்.”

எவ்வளவு பெரிய கௌரவம்! வருகிறேன் என்று உடனே சொன்னேன். ஒரு பெண்ணை அவளே தொடங்கிய குழுவிலிருந்து வெளியேற்றப் போகிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் என்ன, பேசவேண்டியதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

போவதற்கு முன் ஆல்பத்தை இன்னொரு முறை கேட்டுவிட்டால் மேற்கோள் காட்ட வசதியாக இருக்கும் என்று வியாழக்கிழமை புது இயர்போன் வாங்கினேன். அது அந்த வருடத்தில் மூன்றாவது. அதிலும் இடது பக்கம் செத்துக் கிடந்தது. மல்லேஸ்வரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். மூன்று தடவையும் ஏமாற்றிவிட்டீர்கள், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்றெல்லாம் கத்தினேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் பொறுமையாக அதை வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தார்.

“எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது சார். நீங்க வலது பக்கத்தத் தூக்கி இடது காதுல வெச்சுப் பாருங்க.”

வைத்தேன். கேட்கவில்லை.

“காது டாக்டரப் பாருங்க சார், சும்னே என்னோட சண்ட போடாதீங்க,” என்றார். பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் எனக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். இடது காது ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது, திரும்ப வராது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு நான் வாய் திறக்கும் முன் மனைவி சொன்னாள்: “நாலு வருஷம் இருக்கும் டாக்டர். இவருக்கு இடது பக்கம் உக்காந்தா நான் சுவத்தோட பேசற மாதிரிதான். திமிருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அன்று சாயங்காலம் இயர்போனின் இடது பக்கத்தை வலது காதில் மாட்டி அந்த ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். அங்கே இருந்தது கிதார். ஒன்பது பாட்டிலும், பாடகன் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும். தேவாலயத்தில் பாடகர் குழு இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றுகொண்டு, ஒரு பக்கம் ஒரு வரி பாட மறுபக்கம் பதில் பாடுமே, அப்படித்தான் அந்த ஆல்பம் முழுவதையும் அவள் கட்டியிருந்தாள். வலது காதில் கேள்வி, இடது காதில் பதில். சிறுவயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கேட்ட விதம் அது. நான் பாதி தேவாலயத்தைக் கேட்டுவிட்டு மீதியைக் காணோம் என்று ஊருக்கெல்லாம் புகார் சொல்லியிருக்கிறேன். அழுதேன். ஒன்பதில் இரண்டு பாட்டு சுமார்தான் என்பதையும் அழுகைக்கு நடுவே குறித்துக்கொண்டேன். புத்தி எங்கே போகும்?

போன் செய்து சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்வதுதான் தண்டனை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு சனிக்கிழமை பிற்பகல் போனேன். அவர்கள் பயிற்சி செய்கிற இடம் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட். நான்கு பேரும் இருந்தார்கள். அவள் எனக்கு நாற்காலி போட்டு, அம்மாவிடம் சொல்லிக் காபியும் கொண்டுவந்தாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியாது. மற்ற மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடகன் என்னைப் பார்த்து ஆரம்பியுங்கள் என்பதுபோலத் தலையசைத்தான்.

ஆரம்பித்தேன். மெட்ரோ, முதுகுப்பை, மூன்று இயர்போன், கடைக்காரர், மருத்துவர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். உன் கிதார் லீவில் போகவில்லை அம்மா, என் காதுதான் போயிருந்தது, திருத்தி எழுதுகிறேன், எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். இவர்கள் உன்னை மாற்றலாம் என்று நினைத்ததும் என் எழுத்தை நம்பித்தான், தப்பு முழுக்க என்னுடையது என்றும் சேர்த்தேன். அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவள் என் காபித் தம்ளரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியது டிரம்ஸ் வாசிப்பவன். “அப்போ ஃபர்ஸ்ட் ஆல்பத்துக்கு எழுதினது சார்? அதுவும் ஒரு காதுலதானா?” அவன் கவலை அவனுக்கு. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிப்பதிவு செய்தது, பயப்பட வேண்டாம் என்றேன். அவனுக்கு உயிர் வந்தது. பாடகன் சத்தமாகச் சிரித்தான். “அவ்ளோதானா மேட்டரு! ஒண்ணுமில்ல விடு. நீயே வாசி. வா, ஸ்டார்ட் பண்ணலாம்.” எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவளுடைய இடம் தப்பித்தது, நானும் தப்பித்தேன் என்று காபியைக் கையில் எடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நான் எழுதியதற்கு அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“உங்களுக்கு ஒரு காதுதான் அங்கிள் கேக்கல,” என்றாள். “இவங்களுக்கு ரெண்டும் நல்லா கேக்குது. எட்டு மாசம் என்கூட உக்காந்து ரெக்கார்ட் பண்ணாங்க. அப்புறமும் நீங்க எழுதினதத்தான் நம்பினாங்க.”

பாடகன் ஏதோ சொல்ல வந்தான். அவள் அதற்குள் கிதாரிலிருந்து கேபிளைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

“அப்பா அஞ்சு மணிக்கு வந்துடுவார். இனிமே இங்க கார் நிறுத்தணும். உங்க சாமானெல்லாம் அதுக்குள்ள எடுத்துடுங்கப்பா.”

மூவரும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். டிரம்ஸைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது. நானும் சும்மா நிற்க முடியாமல் பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வரவழைத்து வாசலில் நிறுத்திய சரக்கு ஆட்டோ வரை தூக்கிப் போனேன். திரும்பி வந்தபோது ஷெட் காலியாக இருந்தது. அவள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் குடிக்காமல் வைத்த காபியை எடுத்து என்னிடம் நீட்டி, “ஆறிப்போச்சு, பரவால்லயா அங்கிள்?” என்றாள். பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.