கை எட்டிய உயரம்

பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோரப் புறநகரில் சுந்தரியின் வீட்டுக்கும் பிரெண்டனின் வீட்டுக்கும் நடுவே இடுப்புயர மரவேலி ஒன்றுதான். சனிக்கிழமை தவறாமல் அந்த வேலிக்கு மேலே தோசை போகும், வெறும் தட்டு திரும்பி வரும். வேண்டாம் என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். சுந்தரி கேட்கிற ஆளா?

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்று நாலில் மகன் நவினோடு மலேசியாவிலிருந்து வந்து இறங்கியபோது, அவளுக்குக் கிடைத்தது விமானங்களைச் சுத்தம் செய்கிற வேலை. காலை ஐந்து மணிக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, நவினிடம் காரும் கிடையாது. ஒருநாள் மழையில் நடக்கக் கிளம்பியவளைப் பார்த்துவிட்டு, பைஜாமாவுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு பிரெண்டன் தன் பழைய காரை எடுத்தார். அன்றைக்கு மட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். நாலு மாதம் கொண்டுபோய் விட்டார். பெட்ரோலுக்கென்று ஒரு சென்ட் காசு வாங்கவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கூட வேலை செய்யும் சீதா தன் காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அவர் காலையில் நிம்மதியாகத் தூங்கினார். அந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சுந்தரிக்கு ஓயாத நினைப்பு. தோசை ஒரு கைம்மாறா?

பிரெண்டன் அயர்லாந்துக்காரர். மனைவியில்லை, பிள்ளையில்லை. பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கராஜில் கார் நின்றதே இல்லை. அது முழுக்க ரயில்தான். நிஜ ரயிலை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கிய பெட்டிகள், அத்தனையும் அவர் ஊரில் ஓடியவை. ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தந்த வருஷத்து நிறம் இம்மி பிசகக் கூடாது. கரும்பச்சைப் பெட்டி என்றால் ஜன்னலுக்குக் கீழே வெளிர்பச்சைக் கோடு ஓட வேண்டும்; ஊர்ச் சனம் பறக்கும் நத்தை என்று கேலி செய்த சின்னம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பச்சைக்காக டப்ளினில் இருக்கும் சிநேகிதர் ஒரு பழைய ரயில் கதவிலிருந்து பெயிண்ட்டை உரித்துத் தபாலில் அனுப்பியிருந்தார். ஆரஞ்சும் கறுப்பும் பூசிய பெட்டிகளைத் தனி அலமாரியில் வைத்திருந்தார். அவை நாலைந்து வருஷம் பிந்தியவையாம், மற்றதோடு சேர்ந்து நிற்கக்கூடாதாம். கராஜ் சுவரில் விரல் அகலத்துக்குப் பச்சைகளாகவே இருபது பூசியிருந்தார். சுந்தரிக்கு இருபதும் ஒரே பச்சைதான். அதை அவரிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில், இங்கே அக்டோபரில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு அவருடைய மாதிரி ரயில் சங்கம் கண்காட்சி வைத்தது. அதற்காக ஐந்து வெள்ளிப் பெட்டிகள் செய்தார். ஐம்பத்தேழாம் வருஷம் கப்பலேற ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர் ஏறிய ரயில் அது. வெள்ளி நிறம் பூசி விட்டிருந்த காலம். ஸ்டேஷனில் நின்று அக்காள் பிடித்த கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கை தெரியும், அதுதான் பிரெண்டன். அக்காள் இப்போது இல்லை. அந்த ரயில் சரியாக வந்தால் போதும், இனிப் புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அதில்தான் சிக்கல். போட்டோவில் ஜன்னலுக்கு மேலே, கூரை வரைக்கும், பெட்டி நெடுக ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. டப்ளின் சிநேகிதர் ஏடுகளைப் புரட்டிவிட்டு அப்படியொரு பட்டை எந்தக் காலத்திலும் பூசியதில்லை என்று எழுதினார். சங்கத்துக்காரர்கள் ஏட்டில் இல்லாததைப் பூசாதே என்றார்கள். பிரெண்டனுக்கோ போட்டோ பொய் சொல்லாது. பட்டையைப் பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார், மறுபடி சுரண்டினார். பழைய பச்சையை மேலே மட்டும் விட்டுவிட்டு வெள்ளி பூசியிருப்பார்கள் என்று கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார்.

ஒரு வியாழக்கிழமை தட்டு வாங்கப் போன சுந்தரியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினார். பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டையின் கீழ்விளிம்பு நேராக இல்லை. வளைந்து வளைந்து, கை வீசிய மாதிரி போயிற்று. கதவு வரும் இடத்தில் மட்டும், நிஜத்தில் ஒரு முழம் இருக்கும், மேலே ஏறியிருந்தது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏன் விழுங்கினாள்? மலேசியாவில் கெமாஸ் ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த அவள் கணவன் பழனிவேல் செத்தபோது நவினுக்கு மூன்று வயது. ரயில்வேயில் இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், யார்டில் பெட்டி கழுவும் வேலை. பதினெட்டு வருஷம் கழுவினாள். அந்தச் சம்பளம்தான் நவினை இஞ்சினியராக்கியது. அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. நவினுக்குத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் பிரணவியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு அவள் வீட்டுக்குப் போன அன்று, அம்மா ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று அவள் அப்பா மகேசன் கேட்க, ரயில்வேயில் கிராணி என்று சொல்லிவிட்டான். ஆபீஸ் உத்தியோகம் என்றால் மதிப்புத்தானே.

இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கம். இங்கே யார் எந்த வேலை செய்தாலும் ஒருவரும் குறை நினைப்பதில்லை. மகேசனே ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொடுத்துக் கொண்டிருந்தார். ஆனால் அங்கே என்னவாக இருந்தோம் என்பதில்தான் எல்லாருக்கும் உயிர். மகேசன் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். சம்பந்தியும் ரயில்வே என்றதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பார்க்கும்போதெல்லாம் டிக்கெட் கட்டு, சரக்கு ரசீது என்று பேச்செடுப்பார். சுந்தரி தலையாட்டி வைப்பாள். தையில் கல்யாணம். அதுவரை வாயைத் திறக்காதே என்று நவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தான்.

சனிக்கிழமை மகேசன் கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்தார். நவின் வேலைக்குப் போயிருந்தான். வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பிரெண்டனுக்கு வந்திருப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரியும். தயவுசெய்து ஒரு நிமிஷம் என்று கராஜுக்குக் கூப்பிட்டார். சுந்தரி டீயை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மகேசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சந்தேகமே வேண்டாம், இது அழுக்கில்லை, பூசிய பட்டைதான் என்று பிரெண்டனுக்கு இங்கிலீஷில் தீர்ப்புச் சொன்னார். சுந்தரியின் பக்கம் திரும்பி, "ஊத்தையெண்டால் இப்பிடி ஒரே உயரத்தில நிக்குமே, சம்பந்தி? நீங்களும் ரயில்வேதானே, சொல்லுங்கோ," என்றார். பிரெண்டன் முகம் மலர்ந்து பச்சை டப்பாவைத் திறந்தார். கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

சுந்தரி டீத் தட்டைக் கீழே வைத்தாள். மழையில் பைஜாமாவோடு கார் ஓட்டிய மனிதர், தப்பான தூரிகையைக் கையில் எடுத்துவிட்டார்.

"அது பெயிண்ட் இல்லங்க, சம்பந்தி. அழுக்குதான். கழுவுறவங்க கை அதுக்கு மேல எட்டல, அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கழுவுனவ. கெமாஸ் யார்டுல பதினெட்டு வருஷம். கிராணி இல்ல. நவின் சொன்னது பொய். தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு. இப்ப நான் சொன்னத அவருக்கு இங்கிலீசுல சொல்லுங்க."

மகேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பிரெண்டனிடம் ஏதோ சொன்னார். சுந்தரிக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் ஒரு வார்த்தை நன்றாகத் தெரியும், அது அவள் வேலைக்குப் போடும் சட்டையின் பையிலேயே எழுதியிருந்த வார்த்தை.

"கிளீனருங்கறத நீங்க சொல்லலையே. அதையும் சேத்துச் சொல்லுங்க. இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்னு அவரு கேப்பாரு."

அவர் அதையும் சொன்னார்.

பிரெண்டன் பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். வளைவுகளைப் பார்த்தார், கதவுப் பக்கம் ஏறிய இடத்தைப் பார்த்தார். அது ஏன் என்று கேட்டார். கதவுக்குக் கீழே படி இருக்கும், அதில் ஏறி நின்று கழுவினால் கை இன்னும் எட்டும் என்றாள் சுந்தரி. அவர் பச்சை டப்பாவை மூடினார். வெளியே போய் ஒரு வாளித் தண்ணீரும் கைப்பிடி வைத்த பிரஷ்ஷும் கொண்டுவந்தார். ரயில் பெட்டியின் உயரத்துக்குக் கராஜின் வெளிச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஜன்னலும் கதவும் வரைந்து, தயவுசெய்து கழுவிக் காட்டுங்கள் என்றார்.

சுந்தரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவினாள். முதல் வீச்சு இடமிருந்து வலம், இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு. சுவரில் ஈரம் அதே அலை அலையாக நின்றது. பிரெண்டன் அளந்தார், எழுபத்தாறால் வகுத்தார், தலையை ஆட்டினார். போட்டோவில் இருப்பதைவிட ஒரு முழம் கீழே நின்றது. சுந்தரி ஐந்தடி கூட இல்லை. அயர்லாந்தில் கழுவியவர்கள் ஆண்கள், நெட்டையான ஆண்கள். பிரெண்டனுக்குத் தோள் வலி, கை தூக்க முடியாது. இரண்டு பேரும் மகேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆறடி.

கொடுக்கிற பிரஷ்ஷை வாங்காமல் இருக்க அவரை மரியாதை விடவில்லை. கழுவினார். முதல் வீச்சிலேயே தண்ணீர் சட்டைக் கைக்குள் போய் இடுப்புவரை இறங்கியது. மணிக்கட்டைத் திருப்புங்க, தோளால தள்ளாதீங்க என்று சுந்தரி கீழே நின்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். முடிந்ததும் பிரெண்டன் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். போட்டோவில் இருந்த அதே உயரம்.

மகேசன் சட்டையைப் பிழிந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"இருவத்தாறு வருசம் பிளாற்போமில நிண்டு ரெயில் பாத்தனான். கோச்சு கழுவுற ஆக்களும் எங்கட ஸ்ரேசனில இருந்தவை. ஒருத்தற்றை பேரும் எனக்குத் தெரியாது," என்றார்.

"பிள்ளைங்க விஷயத்துல மனசுல ஏதாச்சும் இருந்தா இங்கயே சொல்லிடுங்க, சம்பந்தி."

"இருக்கு. மாப்பிள்ளை என்னட்டைப் பொய் சொன்னவர். அதை அவரோடதான் கதைப்பன். நீங்கள் கழுவினதில எனக்கு என்ன கதை? இந்தச் சட்டையை ஆர் துவைக்கிறது, அதைச் சொல்லுங்கோ."

"நீங்கதான். இப்பத்தான் பழகிட்டீங்களே."

அன்று சாயங்காலம் மகேசன் நவினைத் தனியே கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். என்ன பேசினார்கள் என்று சுந்தரி கேட்கவில்லை. திரும்பி வந்த மகன் நேரே அடுக்களைக்குப் போனான். யாரும் சொல்லாமலே பாத்திரமெல்லாம் கழுவி வைத்தான். அவள் தடுக்கவில்லை.

பிரெண்டன் ஒரு வாரம் கராஜை விட்டு வெளியே வரவில்லை. வெள்ளிக்கு மேலே புகைக்கரியை நீர்க்கப் பூசி, நனைத்த துணியால் சின்னச் சின்ன வீச்சாகத் துடைத்தாராம். கண்காட்சியில் அந்த ஐந்து பெட்டிகளும் நின்றபோது, நேற்றுத்தான் யாரோ கழுவிவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஏட்டுக்கும் பிசகில்லை, போட்டோவுக்கும் குறையில்லை. பரிசு வேறு யாருக்கோ போயிற்று. பிரெண்டன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு பெட்டியின் ஜன்னலில் எறும்பளவு கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஓர் அட்டை இருந்தது. சுந்தரி அதைப் படித்துக் காட்டும்படி மகனிடம் கேட்டாள். பக்கத்தில் பிரணவி நின்றாள். நவின் படித்தான்: "பெட்டிகளும் நிறமும், பிரெண்டன். கழுவியது, திருமதி சுந்தரி பழனிவேல், கெமாஸ் யார்டு. உதவி, திரு. மகேசன்." நிறுத்தாமல் படித்தான், பிரணவிக்குக் கேட்கும்படியாகவே படித்தான்.

பிரெண்டனுக்கு நன்றி சொல்ல அவள் எத்தனையோ காலமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அவரோ முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார், அதையும் அட்டையில் அச்சடித்து எல்லாருக்கும் முன்னால் வைத்துவிட்டார். இனி அந்த மனிதரை எப்படித்தான் ஜெயிப்பது? சனிக்கிழமை தோசையோடு வடையும் வேலிதாண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

அட்டையில் உதவி என்று பெயர் வந்த மகேசன்தான் அன்று முழுவதும் அந்தப் பெட்டிகளைவிட்டு நகரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கதவுப் பக்கம் ஏன் கோடு ஏறுகிறது என்று கையை வீசி வீசி விளக்கினார். சுந்தரி சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தரம்தான் குறுக்கே பேசினாள்.

"மணிக்கட்டு, சம்பந்தி. தோள் இல்ல."