குரங்குக்குட்டியைப் பார்க்க வந்த அக்கா

பிள்ளைகளே, காட்டு விலங்குக் காப்பகத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், கூண்டு கழுவுவதும் பழம் நறுக்குவதும்தான் வேலை. குட்டிகளிடம் பேசக்கூடாது, மனிதக் குரல் பழகிவிட்டால் காட்டில் விட முடியாது.

புக்கிட் ரம்பாய் என்ற ஊரில் ஒரு குரங்குக்குட்டியை வீட்டில் வளர்த்து, பிறகு எங்களிடம் ஒப்படைத்த அக்கா ஒருநாள் வந்தார்.

"தம்பி, தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்லா."

"முடியாதுக்கா. இப்பதான் உங்கள மறந்து ஒழுங்கா சாப்பிடுது."

"மறந்துடுச்சா? எம் புள்ளைங்க மாதிரியே வளந்திருக்கு, பாரு" என்று சிரிக்கப் பார்த்தார்.

குட்டிக்கென்று வாங்கி வந்த பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

பார்க்க விடாதது சரிதான். மறந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்தப் பிஸ்கட்டைக் குட்டிக்குக் கொடுக்கக்கூடாது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து நானே தின்றேன்.