சிவப்பு மையில் ஒரு பொட்டு

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஹாலாஸ்யம் அய்யர் கிராமபோன் கடை வைத்திருந்த காலம் ஒரு காலம். மாலையில் அவர் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தால் போதும், காய்கறி வாங்கப் போனவர்கள் கூடையோடு நின்றுவிடுவார்கள். இசைத்தட்டு வாங்கத்தான் ஆள் இல்லை, ஓசியில் கேட்க ஊரே உண்டு. அந்தக் கூட்டத்தைக் கடைக்குள் இழுக்க விளம்பரப் படம் வரைந்து கொடுத்தவர் வாடிப்பட்டிக் கருத்தக்கண்ணன். இன்றைக்கு அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் எங்காவது கிராமபோன் கரகரத்தால் அவர் மனசு அந்தக் கடைக்கு ஓடிவிடும்.

வரைவதில் அவருக்கு ஒரு பழக்கம். பெண் முகம் என்றால் முதலில் நெற்றிப் பொட்டை வைப்பார். அப்புறம்தான் புருவம், கண், மூக்கு எல்லாம். "பொட்டு ஒழுங்கா உக்காந்துருச்சுன்னா மொகம் தானா வந்துரும்" என்பார். பாட்டுக்காரிகளும் நாடகக்காரிகளுமாக மதுரைச் சுவர்களில் அவர் ஒட்டவைத்த முகங்களெல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்த வருஷம் அலங்காநல்லூர்ச் சீனியம்மாள் பாடிய தெம்மாங்கு, மூன்று தட்டு கொண்ட செட்டாக வந்தது. நடவு நட்டுக்கொண்டே பாடியவளைக் கம்பெனிக்காரர்கள் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்திருந்தார்கள். கூடவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார்கள். வெளிச்சம் மிஞ்சிப்போய் நெற்றியும் புடவையும் ஒரே வெளுப்பு. அய்யருக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. "குரல் அமிர்தம்டா, கண்ணா. படத்தப் பாத்தாலே தட்டு வாங்கணும்னு தோணணும்" என்று மட்டும் சொன்னார்.

கருத்தக்கண்ணன் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். சேற்றில் கால் புதைய நின்று பாடுகிற குரல் அது. கேட்டுக்கொண்டே பொட்டை வைத்தார், முகம் வந்துவிட்டது. காது மறைய மல்லிகையும் வைத்தார். அச்சுக்குக் கறுப்பு, சிவப்பு என்று இரண்டே மை. எழுத்துக்கு வைத்திருந்த சிவப்பை ஆசைப்பட்டுப் பொட்டுக்கும் கொடுத்தார். அச்சாகி வந்த காகிதத்தைப் பார்த்து அவருக்கே கண் நிறைந்துபோனது.

முதலில் அவளுடைய ஊரில்தான் ஒட்டினார்கள். ஒட்டிய மூன்றாம் நாள், கருத்தக்கண்ணன் இருந்தபோது கடை வாசலில் ஒருவன் வந்து நின்றான். சீனியம்மாளின் கொழுந்தன் மொக்கையன்.

"அண்ணே, எங்க அண்ணன் செத்து நாலு வருசமாச்சு. எங்க மதினிக்குப் பொட்டும் பூவும் வச்சு ஊரு பூராம் ஒட்டியிருக்கீகளே, இது அடுக்குமா?"

கருத்தக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தாலியறுத்த பெண்ணுக்கா பொட்டு வைத்தோம்!

"பொழுது சாயிறதுக்குள்ள அழிக்கலேன்னா, அவ இனி வாயத் தெறந்து பாடக்கூடாதுன்னு ஊர்ப் பெரியவுக சொல்லிட்டாக" என்றான் மொக்கையன். அவன் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது.

சுண்ணாம்புச் சட்டியும் பூசுகிற மட்டையுமாகக் கருத்தக்கண்ணன் அவனோடு பஸ் ஏறினார். அலங்காநல்லூரில் சந்தைச் சுவர், சாவடிச் சுவர், டீக்கடைத் தட்டி என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனார். முதலில் பொட்டின் மேல் ஒரு இழுப்பு, பிறகு பூவின் மேல் ஒன்று. நாலைந்து படம் தாண்டியதும்தான் அவருக்கு உறைத்தது. புருஷன் செத்த அன்றைக்கு ஊர் கூடி அவளுக்குச் செய்ததைத்தானே தெருத்தெருவாக நின்று நாமும் செய்கிறோம்!

ஊருக்குள் முடிந்ததும் மொக்கையன் பெரியவர்களிடம் சொல்லிவரப் போனான். மிச்சம் ஒரே ஒரு படம். ஒட்ட வந்த ஆள் மீந்த காகிதத்தைத் திரும்பச் சுமக்கச் சோம்பல்பட்டு, வயக்காட்டில் கமலைக் கிணற்றுச் சுவரின் பின்பக்கம் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கருத்தக்கண்ணன் அங்கே போனபோது, வெள்ளைச் சீலையில் ஒரு பெண் களைக்கொத்தோடு நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சீனியம்மாள் என்று தெரிந்துவிட்டது.

"தெரியாமச் செஞ்சுட்டேன், தங்கச்சி. மன்னிச்சுரு. ஊருக்குள்ள அம்புட்டையும் அழிச்சாச்சு, இது ஒண்ணுதான்" என்று மட்டையைச் சட்டியில் தோய்த்தார்.

அவள் படத்தின் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"இது இருக்கட்டும்ணே."

"பெரியவுக பாத்தா ஒன்னையப் பாட விடமாட்டாகளே, தாயி!"

"இந்தப் பக்கம் என்னையத் தவிர ஆரு வாரா? அன்னைக்கு மனுசங்க அழிச்சாக. இத மழை வந்து அழிச்சுட்டுப் போகட்டும்."

கருத்தக்கண்ணன் மிச்சச் சுண்ணாம்பை வாய்க்காலில் கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார். எல்லாம் அழித்தாகிவிட்டது என்று மொக்கையனிடம் சொன்னார். சொன்ன பொய்க்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சீனியம்மாளும் தொடர்ந்து பாடினாள்.

அந்த ஐப்பசியில் மழை தள்ளிப்போனது. வாடிப்பட்டியில் அவருடைய சொந்த வயலே வெடித்துக் கிடந்தது. மழைக்காக ஊர் ஊராகப் பொங்கல் வைத்தார்கள். சம்சாரி வீட்டில் பிறந்தவர், மழை வேண்டாம் என்று நினைத்தால் சோறு கிடைக்குமா? ஆனாலும் வானம் கறுக்கும்போதெல்லாம், அந்தக் கிணற்றுச் சுவருக்கு இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று அவர் மனசு கெஞ்சியது.

கடைசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. டவுன்ஹால் ரோட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே நனைந்தார்கள். அய்யர்கூட வாசலுக்கு வந்து கையை நீட்டினார். கருத்தக்கண்ணன் மட்டும் கடைக்குள் போய், கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.